ஆடு தின்ற கோடு

சித்ராவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவள் ஏணியின் உச்சியில் நின்று ஒரு அம்பயரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருடம் ஆகிறது. நாமக்கல்லில் ஒரு பள்ளி மைதானத்தில் சாஃப்ட்பால் போட்டி. முந்தின நாள் மழையில் பந்தலின் தார்ப்பாய் கிழிந்து, தேங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் ஸ்கோர் புத்தகத்தின்மேல் விழுந்தது. தார்ப்பாய்க் கடைக்குப் போன் செய்து தைக்க ஆள் அனுப்பச் சொன்னோம். கையில் கோணூசியோடு வந்தவள் சித்ரா. மேலே ஏறித் தைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் ஊசியை நிறுத்திவிட்டு, "கேச்சர் கையில பந்தே இல்லீங்க! கீழ கெடக்குதுங்க! அந்தப் புள்ளைய எதுக்குங்க வெளிய அனுப்பறீங்க?" என்று மைதானமே கேட்கக் கத்தினாள். அம்பயர் திரும்பிப் பார்த்தார். பந்து கீழேதான் கிடந்தது.

அந்த அம்பயர் ராசப்பன், எங்கள் வட்டார சங்கத்தில் அம்பயர்களுக்கெல்லாம் தலைவர். அவுட்டை மாற்றிச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஏணிக்குக் கீழே வந்து நின்றார்.

"அவ்வளவு கண்ணு தெரிஞ்சா நீயே வந்து நில்லும்மா."

கிண்டலாகத்தான் சொன்னார். அவள் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டு, "எப்ப வரட்டுங்க?" என்றாள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் தீனதயாளன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பருப்புக் கடை. ஆறு நாள் துவரையும் உளுந்தும் நிறுப்பேன். ஞாயிறு ஆனால் ஸ்கோர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். முப்பது வருடமாக இதே பிழைப்பு. பேனாவால்தான் எழுதுவேன். பென்சிலும் அழிரப்பரும் வைத்துக்கொள்கிற ஸ்கோரரை நான் மனிதனாகவே மதிப்பதில்லை. கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறவனுக்கு அழிக்க என்ன வேலை?

சாஃப்ட்பால் என்றால் என்னவென்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பேன். பிட்சர் எறிகிற பந்தை அடித்துவிட்டு, மூன்று பேஸ்களைத் தொட்டுச் சுற்றி, புறப்பட்ட இடமான ஹோம் பிளேட்டுக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். அந்தப் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கக் குந்தியிருப்பவள் கேச்சர், அவளுக்கும் பின்னால் முகக்கூண்டு மாட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறவர்தான் பெரிய அம்பயர். மற்ற அம்பயர்கள் பேஸ் ஓரத்தில் நிற்பார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளைத் தோழனுக்கும் உள்ள வித்தியாசம் அது.

சித்ராவின் அப்பா கருப்பண்ணன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மரம் அறுத்தவர். பள்ளியில் படிக்கும்போது இவளைக் கேச்சராகப் போட்டார்கள். முகத்துக்கு நேரே வருகிற பந்துக்குக் கண் சிமிட்டாதவள் இவள் ஒருத்திதானாம். மாநிலப் போட்டி வரை போனாள். பன்னிரண்டாவது முடித்ததும் லாரி ஓட்டுநர் முருகானந்தத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தார்ப்பாய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபது டயர் லாரிக்கான தார்ப்பாயைத் தரையில் விரித்து, முழங்கையை ஊன்றி ஊன்றி அளந்துகொண்டு போவாள். முதலாளி டேப்பை வைத்துப் பார்ப்பார். ஒரு விரல் கூடக் குறையாது.

ராசப்பன் சொன்ன கிண்டலை இவள் விடவில்லை. விதிப் புத்தகத்தை வாங்கித் தார்ப்பாய் மேலேயே வைத்துப் படித்தாள். தேர்வில் முதல் தடவை தோற்றாள், இரண்டாம் தடவை தேறினாள். அடுத்த சில வருடங்களில் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க அவளைப் போல இன்னொரு ஆள் இல்லை என்று பெயர் வாங்கிவிட்டாள். கோடு போட்டால் ரோடு போடுகிற ஆள். நாசிக்கிலிருந்து வெங்காய லோடு ஏற்றிக்கொண்டே முருகானந்தம் போன் செய்வார்: "இன்னிக்கு எத்தன பேர ஊட்டுக்கு அனுப்புன?"

எங்கள் பக்கத்து மைதானங்களில் கோடு என்பது விருந்தாளி மாதிரி. காலையில் வரும், மத்தியானம் போய்விடும். சாஃப்ட்பாலிலோ எல்லாமே கோடுதான். பேட்டர் நிற்க பிளேட்டின் இரண்டு பக்கமும் ஏழடிக்கு மூன்றடிப் பெட்டி. பந்தை அடிக்கிற நேரத்தில் பேட்டரின் பாதம் முழுதாக அந்தப் பெட்டிக்கு வெளியே ஊன்றியிருந்தால் அவுட். பெட்டிக்கோட்டை மூன்றாவது இன்னிங்ஸுக்குள் பிள்ளைகள் காலால் தேய்த்துவிடுவார்கள். சில பிள்ளைகளுக்குத் தேய்க்கச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர்களும் உண்டு. அப்புறம் கோடு அம்பயரின் கண்ணில்தான் இருக்கிறது. சித்ராவுக்கு இதில் ஒரு கர்வமும் வந்துவிட்டது. "எனக்குக் கோடு வேணாங்ணா. ரெண்டு மொழம் எவ்வளவுன்னு என்ர கைக்குத் தெரியும்" என்பாள்.

யானைக்கும் அடி சறுக்கும். அவளுக்கு இரண்டு வருடத்துக்கு முன் சறுக்கியது.

மழை பெய்து ஓய்ந்த மைதானம், கோடெல்லாம் கரைந்து போயிருந்தது. கெங்கவல்லிப் பெண்கள் அணிக்கு அரையிறுதி. அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடுகிற பெண்ணுக்கு, கடைசிப் பாதித் தூரத்துக்கு மூன்றடி அகலத்தில் ஒரு பாதை உண்டு. அதை விட்டு வெளியே ஓடி, எறிகிற பந்துக்குக் குறுக்கே வந்தால் அவுட். கெங்கவல்லிப் பெண் ஓடினாள், கேச்சர் எறிந்த பந்து அவள் முதுகில் பட்டது. சித்ரா அவுட் கொடுத்தாள். ஆட்டம் அத்தோடு முடிந்தது. கெங்கவல்லியின் பயிற்சியாளர் மதுமதி ஓடி வந்து, "கோடு எங்க மேடம்? கோடு எங்க இருக்கு, காட்டுங்க!" என்று கேட்டாள். சித்ரா தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். எனக்கே அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம். விடிந்ததும் தார்ப்பாய் தைக்கிற கயிற்றோடு தனியாக மைதானத்துக்குப் போயிருக்கிறாள். முதல் பேஸின் ஆணி பிடுங்கிக்கொண்டு, பேஸ் ஒரு அடி வெளிப்பக்கம் நகர்ந்திருந்தது. இவள் கண்ணில் போட்ட கோடு அந்த நகர்ந்த பேஸுக்குப் போட்டது. பழைய ஆணிக்குழியைத் தேடிப் பிடித்து, பிளேட்டிலிருந்து கயிறு கட்டிப் பார்த்தாள். சேற்றில் காய்ந்திருந்த அந்தப் பெண்ணின் காலடி எல்லாம் பாதைக்குள்தான் இருந்தது.

இது யாருக்கும் தெரியாது. மதுமதிக்குத் தெரியாது, ராசப்பனுக்குத் தெரியாது. பேசாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கலாம். இவள் என்ன செய்தாள் தெரியுமா? சங்கத்துக்குத் தன்மேல் தானே புகார் எழுதினாள். "நான் சொன்னது தப்பு. அந்தப் பெண் பாதைக்குள்தான் ஓடினாள். பேஸ் நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை." மூன்றே வரி. கீழே கையெழுத்து.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறாயே என்று போனில் கத்தினேன். "அந்தப் புள்ள தப்பே பண்ணாம அழுதுக்கிட்டுப் போச்சுங்ணா" என்றாள்.

ராசப்பன் விதிக்கு உறவு பார்க்காதவர். இரண்டு வருடம் பேஸ் ஓரத்தில்தான் நிற்க வேண்டும் என்று எழுதிவிட்டார். நேரில் கூப்பிட்டும் சொன்னார்: "அது முடிஞ்சதும் பிளேட்டுக்குப் பின்னால ஒரே ஒரு மேட்ச் குடுத்துப் பாக்கறேன். அதுலயும் ஆட்சேபணை வந்துச்சுன்னா அம்பயர் அட்டையத் திருப்பிக் குடுத்துரும்மா." எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் அம்பயர் தாளில் இரண்டு பயிற்சியாளரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்சேபணை என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அம்பயர் பிழைத்தார்.

சித்ரா இரண்டு வருடம் பேஸ் ஓரத்தில் நின்றாள். பிளேட்டுக்குப் பின்னால் வேறு யாராவது குனிந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முழங்கால் தானாக மடங்கும். நான் பார்த்திருக்கிறேன்.

அவளுக்குக் கிடைத்த அந்த ஒரே ஒரு மேட்ச், இந்த மாசியில் கெங்கவல்லிப் பக்கம் நடந்த போட்டியின் இறுதி ஆட்டம். நாமக்கல்லிலிருந்து ஒரு விடுதிப் பள்ளி அணி. அவர்களை எதிர்த்து வந்தது அதே கெங்கவல்லி அணி, அதே மதுமதி. ராசப்பன் வேண்டுமென்றேதான் இவளை அதில் போட்டார் என்று இன்றும் நான் நம்புகிறேன்.

காலையில் அரையிறுதி ஆட்டங்களுக்குக் கோடு பளீரென்று இருந்தது. போட்டியை நடத்திய சின்னண்ணன் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் மேற்பார்வையாளர், நல்ல உழைப்பாளி. கைகுலுக்கிப் பாராட்டினேன். அப்புறம் எல்லாரும் சாப்பிடப் போனோம். தக்காளிச் சாதமும் முட்டையும். திரும்பி வந்து பார்த்தால் மைதானத்தில் இருபது முப்பது ஆடுகள், வரிசை குலையாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றன. முதல் பேஸ் பக்கம் ஒரு வரிசை, மூன்றாவது பேஸ் பக்கம் ஒரு வரிசை. பேட்டர் பெட்டிக்குள் ஒரு கிடாய் தனியாக நின்று மூலை முடுக்கெல்லாம் நக்கிக்கொண்டிருந்தது. கோடு இருந்த இடத்தில் ஈர நாக்குத் தடம்தான் மிச்சம்.

"என்னத்தய்யா போட்டீங்க கோட்டுக்கு?" என்று சின்னண்ணனைப் பிடித்தேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "சுண்ணாம்பு பத்தல சார். கடைக்காரரு மகளுக்கு நிச்சயதார்த்தம், கடையப் பூட்டிட்டாரு. நம்ம ஆலையிலதான் திப்பி மூட்ட மூட்டயா கெடக்குதே. வெள்ளையாத்தானே இருக்குது, போட்டா என்னான்னு..."

மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கைதான் திப்பி. காயவைத்து ஆடு மாடுகளுக்குத் தீவனமாக வைப்பார்கள். அதைத்தான் அழகாகப் பொடித்து, நூல் பிடித்து, மைதானம் முழுக்கப் பந்தி பரிமாறியிருக்கிறார் மனிதர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ராசப்பன் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மறுபடியும் திப்பி போட்டால் ஆடுகள் மறுபடியும் வரும். வேலிக்கு வெளியே அவை அதற்குத் தயாராகத்தான் நின்றன. சுண்ணாம்புக்கு ஆத்தூர் போய் வர நேரமில்லை. பெரிய கோடுகளைக் கடப்பாரையால் கீறிக்கொண்டார்கள். பேட்டர் பெட்டிக்கு அந்தக் கீறல் இரண்டு இன்னிங்ஸ் கூடத் தாங்காது. பழைய சித்ராவாக இருந்தால் எனக்குக் கோடு வேண்டாம் என்றிருப்பாள். இப்போது பையைத் திறந்து நாலு பித்தளை வளையத்தை எடுத்தாள். தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கோக்கப் பதிக்கிற வளையம், ஒரு ரூபாய்க் காசு அகலம். இரண்டு பயிற்சியாளர்களையும் கூப்பிட்டு, டேப் வைத்து அளந்து, பெட்டிகளின் முன்பக்க மூலைகளில் மண்ணோடு மண்ணாக ஆணி அடித்துப் பதித்தாள்.

"கீறல் அழிஞ்சாலும் இது இங்கதானுங்க இருக்கும். ரெண்டு பேரும் பாத்துக்குங்க."

நாமக்கல் பயிற்சியாளர் ஜெயபிரகாஷ் குனிந்து பார்த்து, "ரொம்பச் சரிங்க மேடம்" என்றார். மதுமதி வளையத்தைப் பார்க்கவில்லை, சித்ராவின் முகத்தைத்தான் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆட்டம் தொடங்குமுன்னே நாமக்கல் பக்கத்துக் கூட்டத்தில் ஒருவர், "பழைய பாவத்துக்கு இன்னிக்குப் பரிகாரம் பண்ணப் போறாங்க, பாத்துக்கிட்டே இரு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் முகக்கூண்டை மாட்டிக்கொண்டிருந்த சித்ராவின் கை ஒரு நொடி நின்றது. அவள் காதில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு இன்னிங்ஸ் வரை அவள் மேல் ஒரு குறை சொல்ல முடியாது. பந்து உள்ளே வந்ததா வெளியே போனதா என்று அவள் சொல்கிற குரலைக் கேட்டுக்கொண்டே எழுதினேன். இரண்டு வருடப் பசி அந்தக் குரலில் இருந்தது. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. தலைவர் பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

தொல்லை கொடுத்தது ஒரே ஒரு பெண். கெங்கவல்லியின் யுவஸ்ரீ, இடதுகைக்காரி. அவள் நின்று அடிப்பதில்லை. பந்து வரும்போதே பெட்டிக்குள் இடது காலை முன்னால் எட்டி வைத்து, ஓடிக்கொண்டே பந்தைத் தட்டிவிட்டுப் பேஸுக்குப் பறந்துவிடுவாள். தப்பே இல்லாத ஆட்டம்தான், கால் பெட்டிக்குள் இருக்கிற வரை. ஒவ்வொரு முறையும் ஜெயபிரகாஷ் ஓரத்தில் நின்று, "கால் வெளிய போகுதுங்க மேடம், பாருங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வேலை அது.

ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். நாமக்கல் நான்கு ரன், கெங்கவல்லி மூன்று. கெங்கவல்லிக்கு இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள் இருக்கிறது. பேட்டோடு வருகிறாள் யுவஸ்ரீ. பெட்டியின் கீறல் அழிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

பந்து வந்தது. அவள் எட்டி வைத்தாள், தட்டினாள். "கால்! கால்!" என்று ஜெயபிரகாஷ் கத்தியதும் பேட்டில் பந்து பட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டன. சித்ராவின் இரண்டு கைகளும் மேலே போயின.

"டெட் பால்! பேட்டர் அவுட்!"

டெட் பால் என்றால் ஆட்டம் அந்த நொடியே நின்றது. இடது மூலையில் பந்தைத் துரத்திக்கொண்டிருந்த நாமக்கல் பெண் அந்தச் சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கெங்கவல்லிப் பெண்கள் இருவர் ஓடி வந்து பிளேட்டைத் தொட்ட பிறகுதான் அம்பயரின் கையைப் பார்த்தார்கள். நாமக்கல் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நான் புத்தகத்தில் அவுட் என்று எழுதி, ஆட்டம் முடிந்ததற்கு அடையாளமாக அடியில் கோடும் இழுத்துவிட்டேன்.

மதுமதி மூன்று எட்டு வைத்து முன்னால் வந்தாள். கோடு எங்கே என்று கேட்கப் போகிறாள். கேட்கவில்லை. சித்ராவை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி, "வா யுவஸ்ரீ. பையெல்லாம் எடுங்க, போலாம்" என்றாள்.

சண்டை போட்டிருந்தால் சித்ரா தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன். இந்தப் பேசாத பார்வையைத் தாங்க முடியவில்லை. முகக்கூண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். கைகுலுக்க வந்த பெண்களைக் கவனிக்கவில்லை. திடீரென்று, "எல்லாரும் நில்லுங்க! ஆரும் பெட்டிக்குள்ள கால் வெக்காதீங்க!" என்றாள்.

பிளேட்டின் மேல் படிகிற மண்ணைத் துடைக்க ஒவ்வொரு அம்பயரின் இடுப்பிலும் ஒரு சின்ன பிரஷ் இருக்கும். அதை எடுத்து மண்டியிட்டாள். முன்மூலையில் மண்ணைத் தள்ளினாள். ஒரு வளையம் மின்னியது. மூன்றடி தள்ளி இன்னொன்று. பையிலிருந்து கயிற்றை எடுத்து இரண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டினாள். கயிற்றுக்கு முன்னால் புதிதாக ஒரு காலடி. யுவஸ்ரீயின் இடது ஷூவின் குதிகாலில் ரப்பர் பாதி பிய்ந்திருக்கும், அதனால் அவள் தடம் தனியாகத் தெரியும். விரல், பாதம் எல்லாம் வெளியே. அந்தப் பிய்ந்த குதிகால் மட்டும் கயிற்றுக்கு இந்தப் பக்கம், உள்ளே, இரண்டு விரல் அகலம். பாதம் முழுதாக வெளியே இருந்தால்தான் அவுட்.

எழுந்து இரண்டு பயிற்சியாளர்களையும் கூப்பிட்டாள்.

"புள்ள உள்ளதானுங்க இருக்குது. அவுட் இல்லீங்க."

ஜெயபிரகாஷ் கெட்டவர் இல்லை, ஆனால் கோப்பை கைக்கு வந்துவிட்டதே. "மேட்ச் முடிஞ்சிருச்சுங்க மேடம். இந்த மாதிரி விஷயத்துல அம்பயர் சொன்னா சொன்னதுதான், ஆட்சேபணையே பண்ண முடியாதுன்னு ரூலே இருக்குதுங்களே!"

"உங்களால முடியாதுங்க. அவங்களாலயும் முடியாது. சொன்ன நான் மாத்திக்கலாமுங்க. நான் இன்னும் மைதானத்த உட்டு வெளிய போகல." பிறகு எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "கால் முன்னால போனதப் பாத்தேன். எங்க ஊணுச்சுன்னு பாக்கலீங்க. பரிகாரம் பண்றேன்னு சொல்லுவாங்களோன்னு பயந்துக்கிட்டுக் கையத் தூக்கிட்டேன். பாக்காததச் சொன்னது என்ர தப்பு."

பரிகாரம் பேசிய மனிதர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதுமதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ அந்த ரெண்டு ரன்னும் எங்களுதுதானே? ஜெயிச்சிட்டோமா?"

"இல்ல மதுமதி. என்ர சத்தத்தக் கேட்டுத்தான் அந்தப் புள்ள பந்த எடுக்காம நின்னுச்சு. அத எப்படி ரன்னுன்னு குடுக்கறது? அந்தப் பந்தே போடலைன்னு வெச்சுக்கலாம். ஓடுன புள்ளைக பழைய எடத்துக்குப் போகட்டும். மறுக்காப் போடச் சொல்றேன்."

மலர்ந்த முகம் சுருங்கியது. ஒரே தீர்ப்பில் இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ள எங்கள் சித்ராவால்தான் முடியும். ஆட்சேபணைக் கட்டத்தில் இரண்டு பேரும் எழுதப் போகிறார்கள், அட்டை போனது போனதுதான் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ராசப்பனிடம், "தலைவரே, இதுக்கு ரூல்ல எடம் இருக்குதா?" என்று கேட்டேன்.

"அம்பயரோட தப்பால ஒரு பக்கம் நஷ்டப்பட்டா அம்பயரே சரி பண்ணலாம். எடம் இருக்குதுங்க" என்றார். கண்ணை மைதானத்தை விட்டு எடுக்கவில்லை. "அந்த எடத்துல ஆரும் போய் நின்னுதான் நான் பாத்ததில்ல."

முப்பது வருடத்தில் முதல் முறையாக என் புத்தகத்தில் நான் எழுதியதை நானே குறுக்கே கோடு போட்டு அடித்தேன். அன்றைக்கு அந்த மைதானத்தில் ஆடு தின்னாத கோடு அது ஒன்றுதான்.

மறுபடி பந்து வந்தது. யுவஸ்ரீ மறுபடி எட்டி வைத்துத் தட்டினாள். இம்முறை பந்து நேராகத் தரையோடு போய் இரண்டாவது பேஸ் பக்கம் நின்ற பெண்ணின் கையில் மாட்டியது. அவள் எறிந்த பந்தும் யுவஸ்ரீயின் காலும் முதல் பேஸுக்கு ஓட்டப்பந்தயம் ஓடின. அரை எட்டு முந்தியது பந்து. அங்கே நின்ற அம்பயர் ஜீவா அவுட் என்று கையை மடக்கினார். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாமக்கல் நான்கு, கெங்கவல்லி மூன்று.

யுவஸ்ரீ பேஸின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். சித்ரா போய்ப் பக்கத்தில் குந்தினாள். "சாமி, நான் கத்தாம இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்ப. என்னால போச்சு" என்றாள். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போன பந்து உங்க அவுட்டுங்க மேடம். இது என் அவுட்டு. பரவால்ல" என்றது. எனக்குக் கண்ணில் தூசி விழுந்ததாக எல்லாரிடமும் சொல்லி வைத்தேன்.

ராசப்பன் அம்பயர் தாளை மேசைமேல் வைத்தார். முதலில் ஜெயபிரகாஷ் வந்தார். கோப்பை நிச்சயமானதில் மனிதர் இளகிவிட்டார். ஆட்சேபணைக் கட்டத்தைப் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினார், பெருமூச்சு விட்டார், காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து மதுமதி. நின்றபடியே தாளைப் படித்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆட்சேபணைக் கட்டத்துக்குள் எழுதத் தொடங்கினாள். ஒரு வரி, இரண்டு வரி. சித்ரா நாலடி தள்ளி நின்று மார்புக் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அது வாரைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். அவள் பாட்டுக்குத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு மதுமதியின் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்று இருந்தது. இரண்டு தடவை இதே அம்பயரால் தோற்றவள். அவள் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

ராசப்பன் தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டினார். படித்தார். திரும்பவும் ஒரு முறை படித்தார். பிறகு சத்தமாக வாசித்தார்:

"எங்கள் ஊரில் சித்திரையில் போட்டி நடத்துகிறோம். பிளேட்டுக்குச் சித்ரா அக்காவை அனுப்பவும். வேறு ஆளை அனுப்பினால் அதுதான் எங்கள் ஆட்சேபணை."

சித்ராவின் கையிலிருந்து கவசம் கீழே விழுந்தது. பதினோரு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று மைதானத்தின் நடுவே, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். ராசப்பன் சட்டைப்பையிலிருந்து சித்திரை மாதத்து அட்டவணையை எடுத்தார். கெங்கவல்லி என்று இருந்த இடத்துக்கு எதிரே அவள் பெயரை எழுதினார், பேனாவால்தான்.

"சுண்ணாம்பு நானே முன்னாடியே வாங்கி வெச்சிடுறேன் அக்கா" என்றாள் மதுமதி, சின்னண்ணனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. "ஆடு திங்காத சுண்ணாம்பு."

சித்ரா முந்தானை இல்லாத அம்பயர் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கி வெய்யி மதுமதி. வளையமும் கொண்டுக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஆணியைப் பிடுங்கி நாலு வளையத்தையும் எடுத்து வரப் பெட்டிப் பக்கம் நடந்தாள்.